படுக்க வைத்த வேல்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷமாக மனசுக்குள் போட்டு உருட்டிக்கொண்டிருந்தேன். உட்காருவேன், நாலு வரி எழுதுவேன், சொந்தக்காரனைப் பற்றி இப்படி எழுதுகிறோமே, நாளைக்கு ஒரு நல்லது கெட்டதில் முகத்தில் விழிக்க வேண்டுமே என்று தோன்றும், கிழித்துப் போட்டுவிடுவேன். நான் மூன்றாம் படிவத்தோடு படிப்பை விட்டவன். பத்திரிகைக்கு எழுதுகிறவர்கள் மாதிரி எனக்கு வராது. அந்தக் கூச்சமும் இருந்தது. ஆனால் நான் வாயை மூடிக்கொண்டிருந்த காலமெல்லாம் மற்றவர்கள் நன்றாகப் பேசிவிட்டார்கள். எங்கள் லயத்தில் ஒரு மாதிரி, ரிங்லெட் டவுனில் ஒரு மாதிரி, மலைக்குக் கீழே தாப்பாவுக்கு இறங்குவதற்குள் அது வேறு கதை. அதனால் முருகனைச் சாட்சிக்கு வைத்துக்கொண்டு நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

நாங்கள் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், இருக்கிறவர்கள். அப்பா, அம்மா இருவரும் கொழுந்து எடுத்தவர்கள். நானும் கொஞ்ச காலம் தொழிற்சாலையில் இலை வாட்டுகிற இடத்தில் இருந்தேன். தூசி நெஞ்சுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. பிறகு பிரிஞ்சாங் டவுனில் ஒரு ஸ்டிக்கர் கடையில் சேர்ந்தேன். ஸ்ட்ராபெரி தோட்டத்துக்கு போர்டு, காருக்கு நம்பர் பட்டை, கோலா தெர்லாவிலிருந்து காய்கறி ஏற்றிக்கொண்டு இறங்குகிற லோரிகளின் கதவுக்கு முதலாளி பேர், எல்லாம் நாங்கள்தான் வெட்டி ஒட்டுவோம். கம்ப்யூட்டரில் படம் வரையப் பழகியது அங்கேதான்.

ஒரு வருஷம் என் மனைவிக்கு வயிற்றில் கட்டி வந்தது. ஈப்போவில் ஆபரேஷன். உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். நான் கதவுக்கு வெளியே நின்றுகொண்டு நேர்ந்துகொண்டேன். அப்பனே, இவள் நடந்து வீட்டுக்கு வந்துவிட்டால் திருவிழாவில் உன் வேல் நான் எடுக்கிறேன். அவள் நடந்துதான் வந்தாள். என் கையைக்கூடப் பிடிக்காமல் லயத்துப் படியேறினாள்.

எங்கள் தோட்டத்துக் கோயிலில் வேல் எடுப்பது என்றால் ஆசைப்பட்ட உடனே நடக்கிற காரியம் இல்லை. வருஷத் திருவிழாவன்று விடியும்போது சந்நிதியில் இருக்கிற வேலாயுதத்தைத் தொழிற்சாலைக்குக் கீழே ஓடும் ஆற்றுக்குக் கொண்டுபோய் அபிஷேகம் செய்வார்கள். அங்கிருந்து மேட்டுக் கோயில்வரை ஒருவர் அதை நிமிர்த்திப் பிடித்தபடியே முன்னால் நடக்க வேண்டும். பால்குடம், காவடி எல்லாம் அவருக்குப் பின்னால். வழியில் வேல் சாயக் கூடாது, தரையில் படக் கூடாது. வருஷத்துக்கு ஒரு குடும்பம் என்று முறை வைத்துத்தான் கமிட்டி கொடுக்கும். எனக்கு முன்னால் கேட்டவர்கள் இருந்தார்கள். காத்திருக்கச் சொன்னார்கள்.

காத்திருப்பது எனக்குக் கஷ்டமில்லை. மனைவிக்குத்தான் கஷ்டம். லேசாகக் காய்ச்சல் அடித்தாலும், "நேர்ந்துகிட்டத இன்னும் செய்யலைல்ல, அதாங்க" என்பாள். கால் வலித்தாலும் அதுதான் காரணம். பால் திரிந்தாலும் அதுதான்.

அப்படி நாங்கள் முறைக்காகக் காத்திருந்த சமயத்தில்தான் தீபாவளிக்கு என் மச்சான் வந்தான். மனைவியின் தம்பி. கோலாலம்பூரில் கம்ப்யூட்டர் படித்து அங்கேயே இருக்கிறவன். ஆட்டிறைச்சிப் பிரட்டலைத் தொட்டுக்கொண்டே சொன்னான்:

"மாமா, சொந்தமா ஒரு கேம் செய்றேன். நம்ம மலைதான். கூடை மாட்டுன அக்கா ஒருத்தி தேயிலை மேட்டுல ஓடுறா. பின்னாலேயே பனிமூட்டம் தொரத்திக்கிட்டு வரும். மாட்டுனா முடிஞ்சுது."

"கூடை மாட்டிக்கிட்டு எவடா ஓடுனா?" என்றாள் என் மனைவி. "நடக்கவே மூச்சு வாங்கும். அம்மாவ ஓடிப் பார்த்திருக்கியா நீ?"

"ஐயோக்கா, கேம்லா இது."

அவனுக்கு என்னிடம் தேவைப்பட்டது ஒரே ஒரு பட்டை. ஓடுகிறவளுக்கு இன்னும் எவ்வளவு உயிர் மிச்சம் என்று காட்டுகிற பட்டை. அதையே நேரம் காட்டவும் வைப்பானாம், கூடை எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று காட்டவும் வைப்பானாம்.

"ஒரு தடவை செஞ்சா போதும் மாமா. எங்க வேணும்னாலும் தூக்கி வச்சுக்கிற மாதிரி இருக்கணும். நீளமாகுன்னா ஆகணும், குட்டையாகுன்னா ஆகணும். ரொம்ப முக்கியம், லேசா இருக்கணும். இந்த மலையில இருக்கிற பழைய ஹேண்ட்போன்லயும் தெணறாம ஓடணும்."

கம்போனென்ட் என்று அதற்கு ஒரு பேர் சொன்னான். எனக்கு அது துண்டு. துண்டு என்றே எழுதுகிறேன்.

முதலில் வரைந்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. ஓரத்துக்குத் தங்கக் கலரில் கரை, உள்ளே நிழல், முனையில் ஒரு தீச்சுடர். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. என் பழைய போனில் ஓட்டிப் பார்த்தால் அந்தப் பெண் ரெண்டு அடி ஓடுவாள், நிற்பாள், மறுபடி ரெண்டு அடி ஓடுவாள். பட்டையைச் சுமக்கவே போனுக்குத் தெம்பு போதவில்லை.

"மாமா, கல்யாண மண்டப போர்டு மாதிரி இருக்கு. நகையெல்லாம் கழட்டுங்க" என்று மச்சான் போனில் சொன்னான்.

கழற்றினேன். அடுத்த பிரச்சினை நீளம். பட்டையை இழுத்தால் முனைகளும் சேர்ந்து இழுபட்டு வீங்கிப்போயின. இது எனக்குப் பழக்கமான தொல்லைதான். சின்ன லோரிக்கும் பெரிய லோரிக்கும் ஒரே டிசைனை ஒட்டும்போது நாங்கள் ரெண்டு முனையையும் அப்படியே விட்டுவிட்டு நடுவை மட்டும் நீட்டுவோம். கம்ப்யூட்டரில் கேம் செய்கிறவர்களும் அதைத்தான் செய்வார்களாம். சரி, முனை மாறாது, நடு மட்டும் நீளும். அப்படி ஒரு வடிவம் வேண்டும். பட்டையாகவே வைத்தால் உப்புச் சப்பில்லாமல் இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை பூஜைக்கு நின்றுகொண்டிருந்தேன். தீபாராதனை காட்டும்போது வேலாயுதத்தின் மேல் வெளிச்சம் ஏறி இறங்கியது. அடியில் குமிழ், நடுவில் தண்டு, மேலே இலை. தண்டு எவ்வளவு நீண்டாலும் அது வேல்தான், குறைந்தாலும் வேல்தான். குமிழும் இலையும் மாறவே தேவையில்லை. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. முருகனே காட்டுகிறான் என்று நினைத்தேன். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

மறுநாளிலிருந்து கவுச்சியை நிறுத்திவிட்டேன். கடையில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில்தான் எனக்கு ஓய்வு. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, நெற்றியில் திருநீறு இட்டுக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவேன். எங்கள் தவுக்கே, கடை முதலாளி, சீனர். பாதி மலாயும் பாதி தமிழுமாகப் பேசுவார். செருப்பைப் பார்த்தார், நெற்றியைப் பார்த்தார்.

"நீ படம் வரையுறியா, செம்பாயாங் பண்ணுறியா?" என்றார்.

"சாமி கும்பிடுறதும் படம் வரையுறதும் ஒண்ணாத்தான் நடக்குது தவுக்கே."

"அப்ப லோரி ஸ்டிக்கர் உங்க சாமி வந்து வெட்டுமா?"

அவரே சிரித்துக்கொண்டு அன்றைக்குப் பாதி வேலையை வெட்டிக்கொடுத்தார்.

படம் மொத்தமும் வெள்ளைதான். மூன்று துணுக்கு. குமிழ் ஒன்று, இலை ஒன்று, தண்டுக்கு நூல் அளவு ஒரு கீற்று. அந்தக் கீற்றையே திரும்பத் திரும்ப அடுக்கி வேண்டிய நீளத்துக்குக் கொண்டுவந்துவிடலாம். வெள்ளையாக இருப்பதால் மச்சானின் புரோகிராம் எந்தக் கலரைச் சொல்கிறதோ அந்தக் கலர் அதில் ஏறும். உயிர் நிறைய இருந்தால் பச்சை, குறைந்தால் மஞ்சள், முடியப்போனால் சிவப்பு. அதே வேல் நேரத்துக்கு நீலமாகும். இலையில் மூன்று திருநீற்றுக் கோடுகள் வேண்டும் என்று எனக்கு ஆசை. தனியாகப் படம் போட்டால் கனம் ஏறும். அதனால் கோடு இருக்க வேண்டிய இடத்தை வெட்டி வெறுமையாக விட்டேன். பின்னால் இருக்கிற மலை அந்தக் கோடுகள் வழியாகத் தெரியும். கனமே இல்லை.

மச்சான் அதைப் போட்டு ஓட்டிப் பார்த்துவிட்டு, "மாமா, காத்து மாதிரி இருக்கு!" என்று கத்தினான். அவன் அப்படி மனசாரச் சொன்னது அந்த ஒரு தடவைதான்.

நான் ஒரே ஒரு நிபந்தனை போட்டேன்.

"மச்சான், இது எப்பவும் நிமிர்ந்துதான் நிக்கணும். படுக்க வைக்கக் கூடாது."

"எல்லா கேம்லயும் பட்டை மேல படுத்துதான் மாமா கெடக்கும்."

"மத்தவங்களுது பட்டை. இது வேல்."

"சரி மாமா. யாரும் திருப்ப முடியாத மாதிரி பூட்டி வச்சிடுறேன்" என்றான். பூட்டியும் வைத்தான். கேம் வெளியே வந்தபோது திரையின் ஓரத்தில் வேல் நிமிர்ந்துதான் நின்றது.

அந்த வெள்ளிக்கிழமை போனைக் கொண்டுபோய்ச் சந்நிதியில் வைத்தேன். பூசாரி சிரித்துக்கொண்டே அதற்கும் சேர்த்துக் கற்பூரம் காட்டினார். கோயில் தலைவர், முன்னால் தொழிற்சாலையில் கணக்கெழுதுகிற கிராணியாக இருந்தவர், போனை வாங்கி எல்லாருக்கும் காட்டினார்.

"பாருங்கலா, நம்ம தோட்டத்து வேல் ஹேண்ட்போன்ல ஏறிருச்சு" என்றார்.

அதற்கு அடுத்து வந்த திருவிழாவில் எங்கள் முறை என்று கமிட்டியிலும் சொல்லிவிட்டார்கள். மனைவி அன்றைக்கே மஞ்சள் வேட்டி எடுத்து நனைத்துக் காயப்போட்டாள். இந்த மலையில் ஒரு வேட்டி காய எவ்வளவு நேரமாகும் என்று இங்கே இருக்கிறவர்களுக்குத் தெரியும். அதைப் பொறுமையாகத் திருப்பித் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். நான் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆபரேஷனுக்குப் பிறகு அப்படி அவள் முகம் தெளிந்து நான் பார்த்ததில்லை.

திருவிழாவுக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது தலைவர் வீட்டுக்கு வந்தார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். உள்ளே வாங்க என்றேன், வரவில்லை. டீ குடிக்கிறீங்களா என்றேன், வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு வாசலிலேயே நின்று போனை நீட்டினார்.

அது வேறு ஒரு கேம். ஏதோ ஒரு மதுக்கடை. ரெண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து பீர் குடிக்கிறார்கள். விரலால் தட்டத் தட்ட அவர்கள் கிளாஸைக் காலி செய்கிறார்கள். தலைக்கு மேலே ஆளுக்கு ஒரு பட்டை. குடிக்கக் குடிக்க பீர் மஞ்சள் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் பரவிக்கொண்டே போகிறது. நிரம்பியதும் பட்டை சிவந்து துடிக்கிறது, அவன் வாந்தி எடுத்துவிட்டு மேசைக்கு அடியில் விழுகிறான். ஜெயித்தால் அடுத்த கடைக்குப் போகலாம்.

அந்தப் பட்டை என் வேல். குமிழ், தண்டு, இலை. இலையில் மூன்று கோடு. அந்தக் கோடுகள் வழியாகப் பின்னால் அடுக்கியிருந்த பாட்டில்கள் தெரிந்தன.

படுத்துக் கிடந்தது.

"இது யாருதுன்னு தெரியுதா?" என்றார் தலைவர்.

"நான் குடுக்கல அண்ணே" என்று மட்டும் சொன்னேன்.

"கமிட்டியில பேசணும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

உடனே மச்சானுக்குப் போன் அடித்தேன். லயத்தில் லைன் சரியாகக் கிடைக்காது என்பதால் எப்போதும் சத்தமாக வைத்துத்தான் பேசுவது. மனைவி பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள், எல்லாம் அவள் காதிலும் விழுந்தது.

"ஓ, அதுவா மாமா? அந்தத் துண்டைப் பொதுவுல போட்டிருந்தேன். கேம் செய்றவங்க யார் வேணும்னாலும் எடுத்துக்கலாம். நெறைய பேரு எடுத்திருக்காங்க, தெரியுமா? ரொம்ப லேசா இருக்குன்னு பாராட்டுறாங்க. சந்தோஷப்படுங்க மாமா."

"பூட்டி வச்சேன்னு சொன்னியே?"

"பூட்டுனா யாரும் எடுக்க மாட்டாங்க மாமா. அதைக் கழட்டிட்டுத்தான் போட்டேன்."

"எடுக்கச் சொல்லுடா."

"எப்படி மாமா? அவன் எந்த நாட்டுல இருக்கானோ. அவனுக்கு அது என்னன்னே தெரியாது. ஏதோ அம்புன்னு நெனச்சிருப்பான்." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னான்: "மாமா, எதுக்குப் பெருசாக்குறீங்க? கமிட்டியில கேட்டா தேயிலைன்னு சொல்லிடுங்க. மேல இருக்கிறது இலை மாதிரிதானே இருக்கு. தேயிலை மலை கேம், அதனால தேயிலை வரைஞ்சேன்னு சொல்லுங்க. நானும் வந்து அதையே சொல்றேன். முடிஞ்சு போச்சு."

நான் போனை வைத்துவிட்டேன். மனைவி என்னைப் பார்க்கவில்லை. கீரையையே பார்த்துக்கொண்டு, "அப்படியே சொல்லிடுங்க" என்றாள்.

"என்னான்னு?"

"தேயிலைன்னு."

"அந்த வேல் எடுக்கப் போறதுக்காக, அது வேலே இல்லன்னு சாமி முன்னால சொல்லச் சொல்றியா?"

"சாமிக்கு எது எதுன்னு தெரியும்ங்க. மனுஷங்களுக்குத்தான் காரணம் சொல்லணும்." இப்போது நிமிர்ந்தாள். "கத்தி வச்சது என் வயித்துல. நீங்க வெளியதான நின்னீங்க?"

எழுந்து வெளியே போய்விட்டேன்.

கூட்டம் கோயில் மண்டபத்தில், பூஜை முடிந்த பிறகு. மச்சான் சொன்னபடி காரில் வந்து சேர்ந்தான். கமிட்டிக்காரர்கள், லயத்து ஆட்கள், பெண்கள் ஒரு பக்கம். தலைவர் எழுந்து விஷயத்தைச் சொன்னார். போனைக் கை மாற்றிக் கை மாற்றிச் சுற்றவிட்டார்கள். போன் பெண்கள் பக்கம் போனதும் பூக் கட்டுகிற அக்கா ஒருத்தி கேட்டாள்:

"தலைவரே, இந்த பீர் கேமை நீங்க எதுக்குத் தொறந்தீங்க?"

"விளம்பரம்மா. தானா வந்துச்சு."

"தானா வந்துச்சாம், தானா விளையாடுச்சாம். இதுல பாருங்க, பதினேழாவது கடைவரைக்கும் போயிருக்கீங்க."

மண்டபமே சிரித்தது. தலைவரும் வேறு வழியில்லாமல் சிரித்தார். எனக்கு ஒரு நிமிஷம் மனசு லேசானது. இதோடு விட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன். ஆனால் சிரிப்பு அடங்கியதும் தலைவர் முகம் இறுகிவிட்டது. அந்தச் சிரிப்புக்கும் சேர்த்து நான்தான் பதில் சொல்ல வேண்டும் போல இருந்தது.

"நேரடியா கேக்குறேன். இது நம்ம கோயில் வேல்தானா? இல்ல உன் மச்சான் சொல்ற மாதிரி தேயிலையா?"

மச்சான் முன்பே அவர் காதில் போட்டிருக்கிறான். மனைவி பெண்கள் பக்கம் உட்கார்ந்து என்னையே பார்த்தாள். அவள் உதடு அசைந்தது. என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியும். எனக்கு நேர் எதிரே திரை விலகி இருந்தது. உள்ளே விளக்கு எரிந்தது.

"வேல்தான்" என்றேன். "விரதம் இருந்துதான் வரைஞ்சேன். படுக்க வைக்கக் கூடாதுன்னு சொல்லித்தான் குடுத்தேன். அந்தக் குடிகாரக் கேமுக்கு நான் குடுக்கல. எனக்குத் தெரியவே தெரியாது."

எல்லாரும் மச்சானைப் பார்த்தார்கள். அவன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பொதுவில் போட்டது நான், பூட்டைக் கழற்றியது நான் என்று. அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னான்:

"நான் மாமாகிட்ட சாதாரண பட்டைதாங்க கேட்டேன். வேல் மாமாவா சேர்த்தது."

பொய் இல்லை. அதில்தான் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது. அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

தலைவர் என்னைப் பார்த்துச் சொன்னது அப்படியே நினைவிருக்கிறது.

"தம்பி, உன் பக்தியை நான் குறை சொல்லல. ஆனா எவன் வேணும்னாலும் தூக்கி எங்க வேணும்னாலும் வச்சுக்கிற மாதிரி ஒண்ண செஞ்சிட்டு, அதுக்கு சாமி உருவத்தைக் குடுத்திருக்க. இங்க நாங்க வேலாயுதத்தை வருஷத்துக்கு ஒருத்தர் கையிலதான் குடுக்குறோம். அதுவும் யாருன்னு பார்த்துத்தான் குடுக்குறோம். இந்த வருஷம் வேணாம். ஜனங்க மனசு ஆறட்டும், அப்புறம் பாப்போம்."

அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறதா என்று நான் எத்தனையோ தடவை யோசித்துவிட்டேன். இருக்கிறது என்று ஒரு நாள் தோன்றும். காருக்குப் பின் கண்ணாடியிலும் லோரிக் கதவிலும் நானே எத்தனை வேல் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறேன், அந்த லோரிகள் எந்தெந்தக் கடை வாசலில் நிற்கின்றன என்று யார் போய்ப் பார்த்தார்கள் என்று மறுநாள் தோன்றும். வரைந்தது தப்பு என்று என் வாயால் சொல்ல இன்றுவரை வரவில்லை.

எங்களுக்கு அடுத்த முறை தலைவரின் தம்பி குடும்பம். ஆகவே அந்த வருஷம் அந்தத் தம்பிதான் எடுத்தார். முறைப்படி பார்த்தால் சரிதான். நான் ஒன்றும் சொல்வதற்கில்லை.

திருவிழாவன்று எனக்கும் ஒரு பொறுப்பு கொடுத்தார்கள். விடுமுறை நாள் என்பதால் தேயிலை பார்க்கக் கீழேயிருந்து வருகிறவர்களின் கார்கள் தோட்டத்து ரோட்டில் வரிசையாக ஏறும். ஊர்வலம் தாண்டும்வரை அவற்றை வளைவில் நிறுத்தி வைக்க வேண்டும். என் கையில் ஒரு சிவப்புத் துணியைக் கொடுத்தார்கள். நாதஸ்வரம் நெருங்கி வந்தது. அரோகரா சத்தம் கேட்டது. நான் திரும்பிப் பார்த்தால் கார்க்காரன் நகர்த்துகிறான். அதனால் ஊர்வலத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கார்களைப் பார்த்தே நிற்க வேண்டியிருந்தது. முன்னால் நின்ற காரில் ஒரு பெண் கண்ணாடியை இறக்கி, இன்னும் எவ்வளவு நேரம் ஆகும் என்று மலாயில் கேட்டாள். செபெந்தார் லாகி, இன்னும் கொஞ்ச நேரம்தான் என்றேன். எனக்குப் பின்னால் வேல் போய்க்கொண்டிருந்தது. நான் பார்க்கவில்லை.

மனைவி வரவே இல்லை. வீட்டுக்குப் போனபோது கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருந்தாள். மஞ்சள் வேட்டியை மடித்துப் பெட்டிக்கு அடியில் வைத்துவிட்டாள்.

"ஒரு வார்த்தைதாங்க கேட்டேன் உங்ககிட்ட" என்றாள்.

அதற்குப் பிறகு அதைப் பற்றி அவள் பேசவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

மச்சான் அவனுடைய கேமில் வேல் படத்தை எடுத்துவிட்டு வெறும் பட்டை வைத்துவிட்டான். தானாகவே போன் அடித்துச் சொன்னான்: "இப்ப இன்னும் லேசா இருக்கு மாமா. மொதல்லயே இப்படி வச்சிருக்கலாம்." பொதுவில் போட்டதையும் எடுத்துவிட்டானாம். ஆனால் ஏற்கெனவே எடுத்தவர்கள் எடுத்ததுதான். பீர் கேம் இன்னும் இருக்கிறது. வேறு எந்தெந்தக் கேமில் எப்படியெல்லாம் கிடக்கிறதோ, தேடிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. அவன் தீபாவளிக்கு வருகிறான், அக்கா கையால் சாப்பிடுகிறான், போகிறான். நானும் வா என்கிறேன். உட்கார் என்கிறேன். வேறு என்ன செய்வது?

வருஷா வருஷம் நான் கமிட்டியில் கேட்கிறேன். பாப்போம் என்கிறார்கள். லயத்தில் பாதி வீடு இப்போது வங்காளதேசத்துக்காரர்களும் நேபாளிகளும். நம் ஆட்கள் ஒவ்வொரு குடும்பமாகக் கீழே இறங்கிக்கொண்டிருக்கிறார்கள். வேல் எடுக்க ஆள் குறைந்துகொண்டே வருகிறது. ஒரு வருஷம் ஒரே வீட்டுக்காரர் ரெண்டாவது தடவையும் எடுத்தார். என்னைக் கேட்கவில்லை.

அண்மையில் மனைவிக்கு மறுபடியும் வயிற்று வலி. ஈப்போவுக்குக் கூட்டிப்போய்க் காட்டினேன். ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை, வாயுதான் என்றார் டாக்டர். திரும்பி வரும்போது பஸ்ஸில் தாப்பா தாண்டி மலையேற ஆரம்பித்ததும், "அவருக்கு என்ன தெரியும்?" என்றாள். அவள் பயத்துக்கு மருந்து என்ன என்று எனக்குத் தெரியும். அது என் கையில் இல்லை.

இதற்குள் வெளியே கதை எப்படியெல்லாம் வளர்ந்துவிட்டது என்று கேளுங்கள். சாமி வேலாயுதத்தைப் பீர் கம்பெனிக்கு விற்றுவிட்டான் என்று ஒரு வாட்ஸ்அப். குடித்துவிட்டுத்தான் அதை வரைந்தானாம் என்று இன்னொன்று. தோட்டத்தைவிட்டு இறங்கிப்போன ஒரு குடும்பத்தார் எனக்கே போன் அடித்து, "கோயில்ல மாட்டிக்கிட்டதும் அது தேயிலைன்னு சாதிச்சியாமே?" என்று கேட்டார்கள். மற்ற எதையும் பொறுத்துக்கொள்வேன். அதை மட்டும் பொறுக்க முடியவில்லை. என் மனைவி வாய்விட்டுக் கேட்டும் சொல்லாத பொய்யை நான் சொன்னதாக ஊர் பேசுகிறது.

படிக்கிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். நாலு பேரிடம் இதைச் சொல்லுங்கள், சொல்ல வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சொல்வதென்றால் இங்கே இருக்கிறபடியே சொல்லுங்கள். மச்சானை இன்னும் கெட்டவனாக்க ஒரு வார்த்தை சேர்க்காதீர்கள், தலைவர் மேல் கோபம் வந்து எதையும் குறைக்காதீர்கள். நான் நல்லவன் என்று காட்டவும் எதையும் சேர்க்க வேண்டாம். கூட்டத்தில் அது என்ன என்று கேட்டார்கள், வேல் என்று சொன்னேன். என் மனைவிக்காக நான் நேர்ந்துகொண்டது இன்னும் நிறைவேறவில்லை. இந்த ரெண்டையும் மட்டும் யாரும் மாற்றிவிடாதீர்கள், உங்களுக்குப் புண்ணியமாகப் போகும்.